விரிசல் விட்ட எஞ்சினும் புத்தூர்க் கட்டும்

புத்தூரில் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால், வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்து உறவினர்கள் அடுத்துக் கேட்பது ஒரே கேள்விதான். "எலும்பு கட்டுவாங்களே, அந்தப் புத்தூரா?" ஆமாம், அதே புத்தூர்தான். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகிற ரயில் பாதையில் திருத்தணியையும் நகரியையும் தாண்டி வருகிற ஊர். கையோ காலோ முறிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேராக இங்கே வண்டி ஏறுகிறவர்கள் இன்றும் உண்டு. சென்னைத் தெருக்களில்கூடப் 'புத்தூர் கட்டு' என்று பலகை போட்ட வைத்தியசாலைகளைப் பார்க்கலாம்.

இக்கட்டுரை முறிந்த எலும்பைப் பற்றியதல்ல. விரிசல் விட்ட இரும்பைப் பற்றியது. கோயில், கல்வெட்டு, புலவர் வரலாறு என்று எழுத இம்மலரில் என்னைவிடக் கற்றவர்கள் இருக்கிறார்கள். நான் இரும்புக் கடைக்காரன். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவன் என்று நினைத்தாலும் பாதகமில்லை. நாற்பது ஆண்டுகளாக நட்டும் போல்ட்டும் வெல்டிங் ராடும் விற்று, பட்டறைக்காரர்கள் வாயைக் கிளறிக் கிளறிக் கேட்டு, பிறகு புத்தகங்களில் சரிபார்த்துக் கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வரி. 'புதிய ஊர்' என்பதால் புத்தூர் என்பார் சிலர். புற்று இருந்த ஊர் என்பார் சிலர். தெலுங்கிலும் 'புட்ட' என்றால் புற்றுதான் என்பதால் இரு சாராருக்கும் சண்டையில்லை. பழைய கார்வேட்நகர ஜமீன் பகுதி; வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் வந்தது. பட்டாஸ்கர் பரிந்துரைப்படி 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, புத்தூர் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. 2022இல் திருப்பதி மாவட்டம் பிறந்ததும் அதற்குள் வந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரில் டிராக்டர் கெட்டால் உதிரிபாகம் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வர வேண்டும். 2017இல் ஜி.எஸ்.டி. வருகிறவரை நடுவே விற்பனை வரிச் செக்போஸ்ட் நிற்கும். ஒரு எஞ்சின் பிளாக்கைப் பில் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவருவது, பெண்ணைச் சீர் இல்லாமல் அனுப்புவது மாதிரி. பேச்சு ஓயாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1998ஆம் ஆண்டு மார்ச் மாதம். கரும்பு வெட்டு முடியும் தறுவாய். நாராயணவனம் பக்கத்து விவசாயி ஒருவர், என் கடையின் பழைய வாடிக்கை, காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பேச்சே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். "அண்ணா, பிளாக் போயிடுச்சு" என்றார். அவருடைய தகப்பனார் 1970களின் தொடக்கத்தில் வாங்கிய 35 குதிரைத்திறன் மாசி ஃபெர்குசன் அது. கரும்பு டிரைலரை இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது சூடு ஏறி ஆவி கிளம்பியிருக்கிறது. டிரைவர் பையன் பயந்துபோய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ரோட்டோரக் கிணற்றுத் தண்ணீரை ஒரு குடம் அப்படியே ஊற்றியிருக்கிறான். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சினின் பக்கச் சுவரில் நான்கு அங்குலத்துக்குக் கீறல். தண்ணீர் கசிந்து ஆயில் பாத்திரம் வரை வழிந்திருக்கிறது.

குளிர்நாடுகளில் பிளாக் வெடிப்பது உறைபனியால். இரவில் எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும்; சுவர் தாங்காது. எங்கள் சீமையில் அதற்கு நேர்மாறு. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. அது எஞ்சினின் தண்ணீர் அறைகளுக்குள் காரை பூசினாற்போல் படிந்து சூட்டை வெளியே விடாது. சூடேறிய வார்ப்பிரும்பில் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்து சுருங்க, மறுபக்கம் சுருங்காமல் நிற்க, நடுவே பிளந்துகொள்கிறது. டிராக்டரைத் தள்ளி நிறுத்தி, அரை மணி ஆறவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிராது. அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

புதுப் பிளாக் வாங்கலாமே என்று கேட்பீர்கள். விலை ஒருபுறம் இருக்கட்டும். எஞ்சின் நம்பர் பிளாக்கின்மேல்தான் குத்தியிருக்கும். பிளாக்கை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் நம்பர் மாற்ற வேண்டும். அதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்த சொத்து அது. அண்ணனோ, "காயலான் கடைக்குப் போடு, வந்த காசைப் பிரிச்சுக்கலாம்" என்று நிற்கிறார். என் எதிரே உட்கார்ந்திருந்தவர் தம்பி. அவருக்குத் தகப்பனார் வண்டியை எடைக்குப் போட மனசில்லை. வயலில் இன்னும் இரண்டு டிரைலர் கரும்பு நின்றது. வெட்டிய கரும்பு காத்திருக்காது. நாளுக்கு நாள் எடையும் குறையும், சாறும் குறையும்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, வார்ப்பிரும்பு என்பது என்ன ஜாதி என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

கொல்லனுக்குப் பிடிபடாத இரும்பு

இரும்பு நமக்குப் புதிதல்ல. கொடுமணல் அகழாய்வில் உலைகள் வெளிப்பட்டன. குறுந்தொகைப் பாட்டொன்றில், ஏழு ஊர்களுக்குப் பொதுவாக ஓர் ஊரில் இருந்த உலைத் துருத்தி உவமையாக வருகிறது. ஏழூருக்கு ஒரு கொல்லன் போதும் என்கிற அளவுக்கு அவன் கை தேர்ந்திருந்தது என்றே நான் அதைப் படிப்பேன். ஆனால் நம் நாட்டு உலையில் இரும்பு தண்ணீராக உருகி ஓடாது. கட்டியாக இளகி வரும். சம்மட்டியால் அடித்துக் கசடு நீக்குவார்கள். மூசையில் காய்ச்சிய உருக்கு தனி. எப்படியானாலும் உடைந்தால் வழி ஒன்றுதான்: இரண்டு முனையையும் பழுக்கக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அடித்து ஒட்டுவது. ஏர்க்கொழு, கடப்பாரை, வண்டிப் பட்டை எல்லாம் இப்படித்தான் மறுபிறவி எடுத்தன.

வார்ப்பிரும்புக்கு இந்த வைத்தியம் பலிக்காது. சீனர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அதை வார்த்தார்கள். நம் பக்கம் பெரிய அளவில் அதை வார்க்க முயன்றவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர். 1830இல் பரங்கிப்பேட்டையில் ஊதுலை வைத்தார். சேலத்துக் கனிமம், காட்டு மரக்கரி. கரிக்கே காடு அழிய வேண்டியிருந்ததும், தொழில் தொடர்ந்து நட்டத்தில் ஓடியதுமாக அந்த நூற்றாண்டு முடியுமுன்பே உலை அணைந்துவிட்டது. அதன்பின் நம் ஊர்களுக்குள் வந்த வார்ப்பிரும்பு பெரும்பாலும் இயந்திரமாகத்தான் வந்தது: கரும்பு ஆலை, ரயில் எஞ்சின், தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்த அதே ஆல்பிரட் சாட்டர்டன்தான் 1900களின் முதல் ஆண்டுகளில் ஆயில் எஞ்சின் வைத்துக் கிணறு இறைக்கும் சோதனைகளையும் நடத்தினார். விவசாயி வீட்டு வாசலுக்கு எஞ்சின் வந்த வழி அது.

இந்த இரும்பில் நூற்றுக்கு மூன்று பங்குக்குக் குறையாமல் கரி கலந்திருக்கும். சாதாரண எஃகில் கால் பங்குதான். அந்தக் கரி, இரும்புக்குள் மெல்லிய தகடு தகடாக, அவல் தூவினாற்போலக் கிடக்கிறது. அதனால்தான் வார்ப்பிரும்பு அதிர்வைத் தாங்கும், வழவழப்பாகக் கடையவும் வரும், எஞ்சினுக்குத் தோதான உலோகமும் ஆகும். அதே கரித் தகடுகள்தாம் விரிசலுக்கும் வழி விடுகின்றன. சம்மட்டியால் அடித்தால் வளையாது, சிதறும். ஏழூர்க் கொல்லன் இங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். எங்கள் ஊர்த் தெலுங்கில் வார்ப்பிரும்புக்குப் 'பீடு' என்று பெயர். தரிசு நிலத்துக்கும் அதே சொல்தான். காயலான் கடையில் பீட்டுக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை.

சமணனாகிய எனக்கு இயந்திரம் என்றதும் சீவக சிந்தாமணியின் மயிற்பொறி நினைவுக்கு வராமல் இராது. அதைச் செய்வித்த அரசன் உண்டு, செய்த தச்சன் உண்டு, அதில் பறந்து சென்ற அரசி உண்டு. அது பழுதானால் யார் பார்ப்பது என்பதற்கு, நான் படித்த அளவில், காப்பியத்தில் இடமில்லை. நம் வரலாற்று நூல்களும் அப்படித்தான். டிராக்டர் வந்த வருஷம் இருக்கும். அதை ஓட வைத்தவன் இருக்க மாட்டான்.

டிராக்டர் வந்த வருஷங்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுப்போன டிராக்டர்களைக் கொண்டு, மத்திய டிராக்டர் அமைப்பு என்று ஒன்றை டெல்லி அரசு ஏற்படுத்தியது. மத்திய இந்தியாவில் ஆழ வேரோடிய காஸ் புல்லை அழிப்பது அதன் வேலை. அதற்கான இயந்திரங்களுக்காக 1949இல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. 1959இல் பரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் வந்தது. 1960இல் சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. ஆழ்வார்குறிச்சிக்காரரான எஸ். அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் அது. மாசி ஃபெர்குசனோடு கூட்டு. 1961–62இல் நாடு முழுவதும் செய்த டிராக்டர்கள் 880தான் என்றால் இன்று நம்ப முடிகிறதா? டாஃபே வண்டிக்கு எஞ்சின், அதே குழுமத்துச் சிம்சன் கம்பெனியின் செம்பியம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இங்கிலாந்துப் பெர்க்கின்ஸ் வழி வந்த மூன்று சிலிண்டர் டீசல். ஒவ்வொரு சிலிண்டரும் 3.6 அங்குல விட்டம், பிஸ்டன் ஓட்டம் 5 அங்குலம், மொத்தம் இரண்டரை லிட்டர். நம் விவசாயியின் வண்டியில் இருந்ததும் இதுவே.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். லாரிக்கு அடியில் சேசிஸ் உண்டு. எஞ்சின் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். இந்த டிராக்டருக்குச் சேசிஸ் கிடையாது. முன் அச்சு எஞ்சினில் முடுக்கியிருக்கும். எஞ்சினின் பின்பக்கம் கியர்ப் பெட்டியோடு முடுக்கியிருக்கும். 1917இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் பரப்பிய முறை. அதாவது பிளாக் என்பது எஞ்சின் மட்டுமல்ல, வண்டியின் முதுகெலும்பே அதுதான். அதில் விரிசல் என்றால், தண்ணீர் கசிகிறதே என்று ஏதோ ஒரு பசையைத் தடவி அனுப்பிவிட முடியாது. மேடு பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அது வாய் திறக்கப் பார்க்கும்.

முதல் வைத்தியம்

அந்தத் தம்பி அவசரப்பட்டார். கரும்பு நிற்கிறதே. வெல்டிங் பட்டறை ஒன்றில் கொண்டுபோய் விட்டார். அவர்கள் கதவு, கேட்டுக்குப் போடுகிற சாதாரண ராடால் விரிசலின்மேல் ஒரே இழுப்பாக ஓட்டிவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆறிக்கொண்டிருக்கும்போதே மறுபடி 'டிக்'. ஒட்டின் ஓரமாகவே பிளந்துகொண்டு, நான்கு அங்குலம் ஏழு அங்குலமாயிற்று.

நடந்தது இதுதான். வெல்டிங் சூட்டில் உருகிய இடம் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பால் உடனே உறிஞ்சப்பட்டு வேகமாக ஆறும்போது, கரி தகடாகப் பிரிய நேரமில்லாமல் இரும்போடு சேர்ந்து கண்ணாடிபோல் கடினமான வெள்ளை வார்ப்பிரும்பாகிறது. அதன்மேல் டிரில் வைத்தால் வழுக்கும், இறங்காது. கூடவே ஆறும் ஒட்டு சுருங்கி இரண்டு பக்கத்தையும் இழுக்கிறது. எஃகானால் சற்று நீண்டு கொடுக்கும். வார்ப்பிரும்புக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சரியான வெல்டிங்குக்கு வழி உண்டு. பிளாக்கை முழுவதுமாகக் கழற்றி, கரி அடுப்பில் மங்கிய சிவப்பு வருகிறவரை, ஏறக்குறைய 600 டிகிரி, மெள்ளச் சூடாக்க வேண்டும். சூட்டோடு வார்ப்பிரும்புக் கம்பியையே உருக்கி நிரப்பி, சாம்பலில் புதைத்து ஒரு நாளுக்கு மேல் ஆறவிட வேண்டும். அல்லது நிக்கல் ராடு. நிக்கல் கரியோடு சேர்ந்து கடினப்படாது. ஒரு அங்குலம் ஓட்டி, சின்னச் சுத்தியால் தட்டிக் கொடுத்து, கை வைக்கும் அளவுக்கு ஆறினபின் அடுத்த அங்குலம். நிக்கல் ராடு கிலோக் கணக்கில் விற்காது; ஒன்று இரண்டு என்று எண்ணித்தான் வாங்குவார்கள். என் கடையில் அதைப் பூட்டி வைத்திருப்பேன், தங்கம் மாதிரி.

வார்ப்பிரும்பை மின்சார வெல்டிங்கால் சேர்க்கலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியதற்கு ஒரு யுத்தக் கதை உண்டு. 1914இல் போர் மூண்டதும் ஜெர்மன் கப்பல்கள் பல அமெரிக்கத் துறைமுகங்களில் ஒதுங்கின. 1917இல் அமெரிக்காவும் போரில் இறங்கப்போகிறது என்று தெரிந்ததும், கப்பல்கள் எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று ஜெர்மன் மாலுமிகள் எஞ்சின்களின் வார்ப்பிரும்புச் சிலிண்டர்களை உடைத்துப் போட்டார்கள். புதிதாக வார்த்துப் பூட்ட ஒரு வருஷத்துக்கு மேலாகும் என்று கணக்குப் போட்டார்கள். அமெரிக்கக் கடற்படை உடைந்த இடங்களை வெல்டிங்காலும் ஒட்டுத் துண்டுகளாலும் சேர்த்துச் சில மாதங்களிலேயே கப்பல்களை ஓட்டிவிட்டது. அமெரிக்கப் படைகள் லட்சக்கணக்கில் ஐரோப்பா போனது அந்தக் கப்பல்களில். போர் முடிந்து 1918 டிசம்பரில் ஜனாதிபதி வில்சன் சமாதான மாநாட்டுக்குப் பயணம் செய்ததும் அப்படிக் கைப்பற்றிய ஜெர்மன் கப்பல் ஒன்றில்தான்.

நெருப்பே ஆகாத இடத்தில் என்ன செய்வது? டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் எரிவாயு சூழ்ந்திருக்கும். வெல்டிங் பொறி பட்டால் ஊரே எரியும். 1930களின் பிற்பகுதியில் அங்கே ஒரு முறை கண்டுபிடித்தார்கள். விரிசலைக் குளிர்ந்த நிலையிலேயே, குறுக்கே உலோகப் பூட்டுகள் பதித்து, நெடுகத் திருகாணிகள் இறக்கித் தைத்துவிடுவது. மெட்டலாக் என்று அதற்குப் பெயர் வந்தது. பின்னர் கப்பல் எஞ்சின்களுக்கும் பெரிய அச்சு இயந்திரங்களுக்கும் உலகமெல்லாம் பரவிற்று.

அந்தத் தையல் புத்தூரில் நடந்ததை நான் பார்த்தேன்.

தையல்

பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு எங்கள் ஊரில் வந்து தங்கியிருந்த பெரியவர் ஒருவர். நீராவி எஞ்சின் காலத்து மனிதர். சாயங்காலம் என் கடைக்குப் பேப்பர் படிக்க வருவார். ஏழு அங்குல விரிசலை அவரிடம் சொன்னேன். "சுவர்லயா, உள்ளயா?" என்றார். அதுதான் முதல் கேள்வி. விரிசல் தண்ணீர் அறையின் வெளிச்சுவரில் இருந்தால் பிழைக்கும். இரண்டு சிலிண்டருக்கு நடுவிலோ, கிராங்க் உட்காரும் இடத்திலோ ஓடியிருந்தால் தொட மாட்டேன் என்றார். "அது கால் எலும்பு இல்ல தம்பி, கழுத்து எலும்பு."

மறுநாள் டிராக்டரை நடுவில் பிரித்தார்கள். முன்பாதி ஒரு கட்டையின்மேல், பின்பாதி ஒரு கட்டையின்மேல். பிளாக்கை நான்கு பேர் தூக்கி மேசையில் வைத்தோம். சிலிண்டருக்குள்ளும் கிராங்க் பக்கமும் பார்த்தார், அங்கே ஒன்றுமில்லை. பழைய வெல்டிங்கைக் கல் வைத்து முழுவதும் தேய்த்து எடுக்கவே அரை நாள் ஆயிற்று. பிறகு மண்ணெண்ணெய் பூசி, துணியால் நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தூவினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளில் மயிரிழை போலக் கறுப்புக் கோடு ஊறி வந்தது. கண்ணுக்கு ஏழு அங்குலம் தெரிந்த விரிசல், தூளில் ஏழே முக்கால். "இந்த முக்கால்தான் எல்லாரையும் ஏமாத்தும்" என்றார். இரு முனைக்கும் சற்றுத் தள்ளி ஒவ்வொரு சிறு துளை போட்டார். விரிசல் வட்டத் துளைக்குள் வந்து சேர்ந்தால் அதன் கூர்மை போய்விடும், மேலே ஓடாது.

அடுத்து, விரிசலுக்குக் குறுக்கே ஆறு இடங்களில் வரிசைத் துளைகள் போட்டு, உளியால் செதுக்கி இணைத்து, இரு முனையும் பருத்து நடுவில் ஒடுங்கிய பள்ளமாக்கினார். உடுக்கை வடிவம். அதே வடிவில் அரம் போட்டுத் தேய்த்த மிருதுவான எஃகுத் துண்டுகளைத் தட்டி இறக்கினார். இவைதாம் பூட்டுகள், விரிசல் அகலாமல் பிடித்துக்கொள்பவை. அப்புறம் விரிசல் நெடுகத் தையல். கால் அங்குலத் துளை, அதில் டேப் போட்டு மரை, அதற்குள் பசை தொட்ட திருகாணி, மேலே துண்டித்துச் சுத்தியால் தட்டிப் பரத்துதல். அடுத்த துளை முந்தைய ஆணியில் மூன்றில் ஒரு பங்கைக் கடித்துக்கொண்டு விழ வேண்டும். அப்படித்தான் இடைவெளியே இல்லாத சங்கிலியாகும். நாற்பதுக்கு மேல் ஆணிகள் இறங்கின. டேப் ஒன்று உள்ளேயே உடைந்து, அதை எடுக்க ஒரு பொழுது போயிற்று. அன்று அவர் சாப்பிடவில்லை.

நெருப்பில்லை, புகையில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் ஊர்க் கட்டும் இப்படித்தானே என்று தோன்றிற்று. அதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். வேட்டைக்குப் போன ஒருவர், அடித்த முயலை ஏதோ இலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், முறிந்த எலும்பு கூடியிருந்ததாம். பிறகு அந்தப் பச்சிலையைத் தேடிப் பிடித்தார்களாம். கதை எப்படியோ, முறை இதுதான்: கையால் தடவி எலும்பை நேராக்கி, பச்சிலையும் முட்டை வெண்கருவும் பூசித் துணி சுற்றி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது. வெண்கரு என்று எழுதும்போது எங்கள் வீட்டார் முகம் சுளிப்பார்கள், என்ன செய்ய, இருப்பதைத்தானே சொல்ல வேண்டும். இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எலும்பு தானா வளரும் தம்பி. நீங்க அசையாம வெச்சா போதும். இரும்பு வளருமா? நான் போட்ட ஆணிதான் அங்க இருக்கும், வேற ஒண்ணும் வராது." நியாயம்தான். உவமை தேடுவது எங்களைப் போன்ற படிப்பாளிகளின் வியாதி.

ஐந்தாம் நாள் தண்ணீர்ச் சோதனை. பிளாக்கின் வாய்களையெல்லாம் ரப்பர் வைத்துத் தகடு முடுக்கி அடைத்து, தண்ணீர் நிரப்பி, கைப் பம்பால் அழுத்தம் ஏற்றினார். ரேடியேட்டர் மூடி தாங்குவதைவிடக் கூடுதலாக. இரவெல்லாம் அப்படியே விட்டார். காலையில் இருபத்து மூன்றாவது ஆணியோரம் ஒரு வியர்வைத் துளி. அதை மட்டும் மறுபடி தட்டினார். மறுநாள் காய்ந்திருந்தது. தண்ணீர் அறைகளில் இருந்த உப்புக் காரையைச் சுரண்டி எடுத்ததில் அரைப் பக்கெட் சேர்ந்தது. அதை அந்த டிரைவர் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார், திட்டவில்லை.

இதற்குள் மீதிக் கரும்பு வாடகை வண்டியில் போய்விட்டது. எடை குறைந்துதான் விலை கிடைத்தது. அண்ணன், "ஏழு நாள் கூலிக்கு இன்னொரு வண்டிக்கு அட்வான்ஸே கொடுத்திருக்கலாம்" என்றார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது அவ்வளவு தப்பில்லை. வியாபாரியான நானே அந்தச் சமயம் அவர் பக்கம்தான் இருந்தேன். இன்றும், பழையதென்பதற்காகவே எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கிராங்க் உட்காரும் இடத்தில் விரிசல் கண்ட பிளாக்கைத் தைத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால், அவரிடம் கொடுக்காதீர்கள்.

அதே 1998இல்தான் பெர்க்கின்ஸ் கம்பெனி அமெரிக்கக் கேட்டர்பில்லர் வசம் போயிற்று. அதைப் பேப்பரில் படித்துக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பிளாக் நம்பர் மாறாதில்ல?" என்று கேட்டார்.

வண்டி ஓடிற்று. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டபோது தம்பி பங்குக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழவுக்கும் கரும்புக்கும் ஓடி, பிறகு தண்ணீர் டேங்கர் இழுத்தது. 2023இல் ரிங் மாற்ற எஞ்சினைப் பிரித்தபோது கூப்பிட்டனுப்பினார்கள்; போய்ப் பார்த்தேன். பெயின்ட் உரிந்த இடத்தில் ஆணித் தலைகள் வரிசையாக, பழைய சேலையின் தையல்போல் தெரிந்தன. துரு இருந்தது, ஈரம் இல்லை. வண்டியை இப்போது அவர் மகன் வைத்திருக்கிறான். படித்த பையன். இந்த ஆணிகள் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. சொன்னேன், செல்போனில் படம் எடுத்துக்கொண்டான்.

பெரியவர் இல்லை. அவரிடம் இதைக் கற்றுக்கொண்டவர் என்று எங்கள் ஊரில் ஒருவரையும் என்னால் காட்ட முடியவில்லை. கையாளாக நின்ற இருவரில் ஒருவர் ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்; மற்றவர் ஆட்டோ ஓட்டுகிறார். துளை போடும் அளவு, ஆணி கடிக்கும் அளவு, தண்ணீர்ச் சோதனை, இவற்றை அன்றைக்கே என் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்ததால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது. அதே நோட்டின் முன்பக்கத்தில், உடைந்த டேப்புக்குப் பதிலாக அவர் எடுத்துப்போன புது டேப்பின் விலை பாக்கியாக நிற்கிறது. நான் அதை அடிக்கவில்லை.